பிள்ளைகளின் விருப்பமும் பிழைக்கும் தொழிலும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில், தோட்டக் கிராணியும் கிளைக் காரியதரிசியுமான தோழர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். வீட்டைப் பற்றிப் பேசுவோம். இன்று வேறொரு பொருளைப் பேசும்படி குழு பணித்திருக்கிறது. நம் பிள்ளைகள் எந்தத் தொழிலுக்குப் போவது, அதை எப்படி அறிவது என்பதே அந்தப் பொருள். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். ஏன் என்பதைப் பேச்சின் போக்கில் சொல்லுவோம்.

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நம் ஆபீஸ் வாசலில் நாலைந்து பெற்றோராவது வந்து நிற்பார்கள். கேட்பது ஒரே கேள்விதான். "கிராணி ஐயா, பையன் பரீட்சை முடிச்சிட்டான். எங்கே போடலாம்?"

"எங்கே போடலாம்?" இந்தச் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். உரத்தைப் போடுகிறோம், மூட்டையைப் போடுகிறோம். போட்ட இடத்தில் அது கிடக்கும். பிள்ளை அப்படிக் கிடப்பானா? கிடக்க வேண்டும் என்றுதான் நாம் விரும்புகிறோமா?

மறுநடவு நடக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கையில் கிடைத்த கன்றைக் கிடைத்த குழியில் வைத்துவிடுகிறோமா? மேடா பள்ளமா என்று பார்க்கிறோம். தண்ணீர் நிற்கும் நிலமா என்று பார்க்கிறோம். காற்று பலமாக அடிக்கும் மேட்டில், கிளை முறியும் இன ஒட்டுக்கன்றை வைப்பதில்லை. இருபத்தைந்து ஆண்டு நிற்க வேண்டிய மரத்துக்கு இவ்வளவு யோசனை. நாற்பது ஆண்டு உழைக்க வேண்டிய பிள்ளைக்கோ, ஆபீஸ் வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிவு!

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாமே செய்த ஒரு தவறை இந்தச் சபையில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்துப் பையன் ஒருவனை அவனுடைய அப்பா நம்மிடம் அழைத்து வந்தார். பரீட்சையில் சுமாராகத் தேறியிருந்தான். அந்தப் பையனை நாம் சிறு வயதிலிருந்தே அறிவோம். புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோனால் அவன்தான் திறந்து பார்ப்பான். யார் வீட்டு மோட்டார் சைக்கிளில் என்ன கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லுவான். இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரிந்தும் நாம் சொன்ன யோசனை என்ன? "கணக்கியல் படிக்கட்டும், அண்ணே. மேசை வேலை. வெயில் இல்லை, மழை இல்லை. மரியாதை உண்டு."

ஏன் அப்படிச் சொன்னோம்? நாம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் மொழியோடு மல்லாடி, கடைசியில் ஆபீஸில் ஒரு நாற்காலி பிடித்தவர்கள். நமக்கு அந்த நாற்காலி பெரிதாகத் தெரிந்தது. கணக்கு நமக்குப் பிடித்த காரியம். செக்ரோல் எழுதுவதில் நமக்கு அலுப்பில்லை. நமக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டோம். நம் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டோம்.

பட்டணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். பி.டி.பி.டி.என். கடன் எடுத்தான். இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். பட்டயம் கிடைக்கவில்லை, கடன் மட்டும் கிடைத்தது. அந்தத் தந்தை நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவன் தலையெழுத்து, கிராணி ஐயா" என்றார். தோழர்களே, அது தலையெழுத்தல்ல. நாம் எழுதிய எழுத்து!

இனி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். இந்தக் காரியம் சங்கத்தின் காரியமாவது இங்கேதான்.

நம்மில் பலருக்குத் தோட்ட வேலை இருக்கும் வரைதான் தோட்ட வீடு. வயது முடிந்து வேலையிலிருந்து நிற்கும் நாளில், குடும்பம் எங்கே போவது என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. ஆகவே, "மூத்தவன் தோட்டத்திலேயே பேர் பதியட்டும், வீடு நிற்கும்" என்று முடிவு செய்கிறோம். அந்தப் பயம் பொய்ப் பயமல்ல. வாழ்நாள் முழுதும் உழைத்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியேறியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், வீட்டுக்காகப் போராட வேண்டியவர்கள் பெரியவர்கள். போராட வேண்டிய இடம் சங்கம். அந்தச் சுமையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, நாம் நிம்மதியாக உறங்கலாமா?

பழைய காலத்தில் வழி ஒன்றுதான் இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. எழுத்தும் கணக்கும் கற்றபின் பிள்ளை எங்கே போனான்? அப்பன் போன நிரைக்கே போனான். பால்வெட்டு கேவலமான தொழில் என்று நாம் சொல்லவில்லை. நம்மை வளர்த்த தொழில் அது. வழி ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் கொடுமை. இன்று வழிகள் பல. எந்த வழி எந்தப் பிள்ளைக்கு என்று பார்க்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை.

அதைப் பார்ப்பது எப்படி? அமெரிக்காவில் பிராங்க் பார்சன்ஸ் என்ற ஒருவர், ஏழை இளைஞர்கள் வேலை தேர்ந்தெடுக்க உதவ 1908-இல் பாஸ்டன் நகரில் ஒரு நிலையம் தொடங்கினார். அவர் சொன்னதன் சாரம் மூன்றே படி. முதலாவது, உன்னை அறிந்துகொள். இரண்டாவது, வேலைகளை அறிந்துகொள். மூன்றாவது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார். நூறாண்டு கடந்தும் இதைவிட எளிதாக யாரும் சொல்லவில்லை. நாமோ முதற் படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு, மூன்றாம் படியில் குதித்து விழுகிறோம்.

முதற் படியைப் பார்ப்போம். பிள்ளையை அறிவது எப்படி?

பெரியோர்களே, இந்த வித்தை உங்களுக்குத் தெரியாததல்ல. புதிதாக ஒருவர் பால்வெட்ட வந்தால், அவர் கைக்குக் கத்தி படியுமா படியாதா என்று பத்து நாளில் சொல்லிவிடுவீர்கள். பட்டையை ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம். மேலாக வெட்டினால் பால் வராது. அந்த நூலளவு வித்தியாசத்தை அவர் கை தானாகத் தேடுகிறதா என்று பார்ப்பீர்கள். அதே கண்ணால் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று அடையாளங்கள் உண்டு. யாரும் சொல்லாமலே பிள்ளை எதைச் செய்கிறான்? செய்தது கெட்டுப்போனால் விட்டுவிடுகிறானா, மறுநாள் திரும்பவும் அதன் பக்கத்தில் போய் உட்காருகிறானா? அந்தக் காரியத்தில் உள்ள அலுப்பான பகுதியையும் பொறுத்துக்கொள்கிறானா? மோட்டார் சைக்கிள் ஓட்ட எல்லாருக்கும் ஆசை. அதன் எண்ணெய்க் கசட்டைத் துடைத்துச் சுத்தம் செய்பவனுக்கே அந்தத் தொழிலில் விருப்பம். ஆசை வேறு, விருப்பம் வேறு என்பதை இதனால் அறியலாம்.

1959-இல் ஜான் ஹாலண்ட் என்ற உளவியல் அறிஞர், மனிதரின் தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார். நம் லயத்துப் பிள்ளைகளை வைத்தே அவற்றைச் சொல்லுவோம். கருவியும் இயந்திரமும் செடியும் கையிலிருந்தால் மகிழும் பிள்ளை ஒரு வகை. "ஏன், எப்படி?" என்று துருவிக் கேட்கும் பிள்ளை இரண்டாம் வகை. படம் வரைவது, பாடுவது, துணியில் புது வடிவம் தைப்பது என்று இருக்கும் பிள்ளை மூன்றாம் வகை. தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லி, நோயாளிக்குக் கஞ்சி கொண்டு போகும் பிள்ளை நான்காம் வகை. கோயில் திருவிழாவில் முன்னின்று ஆட்களைத் திரட்டி, கடை போட்டு நாலு காசு பார்க்கும் பிள்ளை ஐந்தாம் வகை. நோட்டுப் புத்தகத்தைக் கோடு பிசகாமல் வைத்து, சீட்டுப் பணக் கணக்கைச் சரியாகச் சொல்லும் பிள்ளை ஆறாம் வகை. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று வகை கலந்தும் இருக்கும்.

நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளிலும் இந்த ஆறு வகையை அடிப்படையாகக் கொண்ட தொழில் விருப்பச் சோதனை ஒன்று உண்டு. மலாயில் 'இன்வெந்தோரி மினாட் கெர்ஜாயா' என்பார்கள். அதன் முடிவைக் கேட்டுப் பார்த்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பிள்ளை சண்டை போட்டால்தான் அவரிடம் போக வேண்டும் என்பதில்லை. "ஐயா, என் பிள்ளைக்கு எந்த வகை வந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.

இரண்டாம் படி, வேலைகளை அறிவது. இங்கேதான் நாம் மிகவும் பின்தங்கி நிற்கிறோம். நமக்குத் தெரிந்த உத்தியோகங்கள் எத்தனை? டாக்டர், வக்கீல், ஆசிரியர், கிராணி. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கைவேலையில் விருப்பமுள்ள பிள்ளைக்கு மின்கம்பித் தொழில் இருக்கிறது. எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. பற்றவைப்பு வேலை, குளிர்சாதன வேலை இருக்கின்றன. நம் செம்பனை ஆலைகளில் கொதிகலனைக் கவனிப்பவருக்கு, தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் தகுதிச் சான்று வேண்டும். அந்த ஆலைப் புகையைத் தினமும் பார்க்கிறோம். அதற்குள் இருக்கும் தொழிலைப் பார்த்தோமா?

துருவிக் கேட்கும் பிள்ளைக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. நீங்கள் கொண்டுவரும் பாலில் எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்று ஸ்டோரில் அளக்கிறோமே, அதுவும் ஒரு சோதனைதான். அந்தப் பால் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனபின், கையுறைக்குள் 1,000 மில்லி லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பாலிலிருந்து கையுறை வரை ஒவ்வோர் இடத்திலும் சோதிக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம் பிள்ளையாக இருக்கக் கூடாது?

பிறருக்கு உதவும் பிள்ளைக்குத் தாதியர் தொழில், மருத்துவ உதவி அதிகாரி வேலை, பாலர் பள்ளி ஆசிரியர் வேலை உண்டு. கலை மனம் கொண்ட பிள்ளைக்கு அச்சு வடிவமைப்பும் தையலும் அலங்காரத் தொழிலும் உண்டு. ஒழுங்கும் கணக்கும் பிடித்த பிள்ளைக்கு நம் கிராணி வேலை மட்டுமல்ல, சரக்குக் கிடங்கும் கப்பல் சரக்குக் கணக்கும் உண்டு. முன்னின்று நடத்தும் பிள்ளைக்கு வியாபாரம் உண்டு, கூட்டுறவு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொழிலாளர்களின் சிறு பணத்தைத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அது தோட்டங்களை வாங்கியது. ஆட்களைத் திரட்டும் திறமை ஒரு தொழில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தாய்மார்களே, இங்கே ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றில் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று நாம் பிரிக்கவில்லை. நிரையில் நீங்கள் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டுகிறீர்கள். உங்கள் மகள் மின்கம்பித் தொழில் கேட்டால் மட்டும், "அது பொம்பளப் பிள்ளை வேலையா?" என்று ஏன் மறுக்கிறீர்கள்?

மூன்றாம் படி, பொருத்திப் பார்ப்பது. விருப்பம் மட்டும் சோறு போடாது. அந்த விருப்பத்துக்கு ஒரு வாசல் வேண்டும். வாசலில் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். நீங்கள் தினமும் போடும் வெட்டுக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, ரப்பர் மரத்தின் மீது தீராத பற்றுக் கொண்டார். மரத்தைக் கெடுக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். விதையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று சிரித்தார்கள். அந்தப் பற்று வீணாகவில்லை. ஏன்? விருப்பத்துக்கு ஏற்ற உத்தியோகத்தில் அவர் அமர்ந்திருந்தார். விருப்பமும் இடமும் சேர்ந்தால் காரியம் நடக்கும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பைத்தியக்காரப் பட்டம்தான் மிஞ்சும்.

வாசல்கள் எவை? மூன்றாம் படிவம் முடித்தவுடன் தொழிற்கல்லூரிக்கு மனுச் செய்யலாம். எஸ்.பி.எம். முடித்தபின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் உண்டு. எஸ்.பி.எம். சரியாக அமையாத பிள்ளைக்கும் கதவு மூடவில்லை. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை உண்டு. நான்காம், ஐந்தாம் நிலைகள் பட்டயங்கள். 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், பயிற்சியின் பெரும்பகுதி தொழிலிடத்திலேயே நடக்கும். வகுப்பறையில் உட்கார முடியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி ஏது?

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா? பட்டயமானால் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். திறன் பயிற்சியானால் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அடுத்த கேள்வி: கடன் எவ்வளவு, படிப்பை இடையில் விட்டால் யார் கட்டுவது? மூன்றாவது: இதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

சேர்க்குமுன் இன்னொன்றும் செய்யலாம். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம், அந்தத் தொழில் செய்யும் ஒருவரிடம் பிள்ளையை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் சலித்துப்போனால் நல்லது. இரண்டு வருடமும் கடனும் மிச்சம்!

"இப்போதே தொழிற்சாலையில் மாதம் 1,700 வெள்ளி தருகிறானே, படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 1,700 வெள்ளி என்பது 2025-இல் நடைமுறைக்கு வந்த, அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம். அது தரை, கூரை அல்ல. கையில் தொழில் இல்லாதவன் பத்தாண்டு கழித்தும் அந்தத் தரையிலேயே நிற்க நேரும். வீட்டு நெருக்கடியால் இன்றே வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். போகட்டும். ஆனால் மனத்துக்குப் பிடித்த தொழிலின் பக்கத்தில் உள்ள வேலைக்குப் போகட்டும். அங்கே பெறும் அனுபவமும் வீண் போகாது.

வீண் போகாது என்பதற்கு அந்தப் பையனே சாட்சி. கல்லூரியை விட்டு வந்தவன் ஆறு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தான். பிறகு பக்கத்துப் பட்டணத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான். சில ஆண்டுகள் உழைத்தான். வேலை அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி, வகுப்புக்குப் போகாமலே திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது என்று அறிந்து, பாரங்களை எடுத்துக்கொண்டு நம்மிடம்தான் வந்தான். இந்தத் தடவை நாம் யோசனை சொல்லவில்லை. அவன் சொன்னதைக் கேட்டு, பாரத்தை நிரப்ப மட்டும் உதவினோம். இன்று மூன்றாம் நிலைச் சான்றிதழ் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. பழைய கடனை இன்னும் மாதாமாதம் கட்டி வருகிறான். ஒவ்வொரு மாதமும் அது நம் தவறை நமக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே, இந்தக் கிளை இனி செய்ய வேண்டியது என்ன? செயற்குழுவின் சார்பில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். பதினைந்து முதல் பதினேழு வயது வரையுள்ள நம் உறுப்பினர் பிள்ளைகளின் பட்டியலை எடுப்போம். முடிவு வந்தபின் அல்ல, முன்னரே. நம் தோட்டத்திலிருந்து வெளியே போய் வயர்மேனாக, தாதியாக, சோதனைக்கூடத்தில் வேலை செய்பவராக இருக்கும் நம் பிள்ளைகளைத் திருவிழா விடுமுறையில் இங்கே அழைத்துப் பேச வைப்போம். கிராணிமார்களாகிய நாம், மாதத்தில் ஒரு மாலை இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து, மலாய்ப் பாரங்களைப் படித்துச் சொல்லி நிரப்பித் தருவோம். எந்தத் தொழில் என்று தீர்மானிப்பது நம் வேலையல்ல. வாசலைக் காட்டுவது மட்டுமே நம் வேலை.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், "உன்னை எங்கே போடலாம்?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எது கைவருது? எதைச் செய்தால் நேரம் போவது தெரியவில்லை?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. நம் பிள்ளைகளை யாரும் இதுவரை கேட்டதில்லை. ஆகையால் திகைத்து நிற்பார்கள். பொறுத்திருங்கள். புது மரத்தில் முதல் வெட்டு வெட்டியவுடனே மங்கு நிறைந்துவிடுகிறதா?

 வளர்க நம் ஒற்றுமை! வாழ்க நம் பிள்ளைகள்!